பூஜைக்கு மறுநாள் எழும்பாத பெட்டி

மீகந்தைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தீபாவளியன்றுகூடச் சில வருடம் புகை கிளம்பியிருக்கிறது. ஆயுத பூஜையன்று மட்டும் ஒரு விசிறிகூடச் சுற்றாது. கொழுந்து அரைக்கும் ரோலருக்குச் சந்தனம், காயவைக்கும் ட்ரையருக்குக் குங்குமம், தராசுக்குச் செவ்வந்தி மாலை, வாசலில் இரண்டு வாழை மரம். சுவிட்ச் உள்ள எதுவும் அன்றைக்கு ஓடக்கூடாது. அன்று இரவெல்லாம் இயந்திரங்கள் தூங்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. மறுநாள் காலை தேங்காய் உடைத்து ஒவ்வொன்றாக எழுப்புவார்கள்.

எழுப்புகிற வேலை அஜந்தனுடையது. பெயருக்கு அவன் தொழிலாளி. செய்வது எலெக்ட்ரீசியன் வேலை. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் ஒருவரின் மகனாக, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆறாம் லயத்தில் பிறந்து, இரத்தினபுரியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வயரிங் படித்து, திரும்பவும் அதே லயத்துக்கு வந்தவன். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஃபாக்டரியில் எது நின்றாலும் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். "அஜந்தா, இதைச் செய். அதைப் பார். ஏறு. இறங்கு." அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் யார் யாரோ சொன்ன அதே வினைச்சொற்கள். அவனுக்குச் சொல்லும்போது கையில் ஒரு டெஸ்டர் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவனை வளர்த்தது அக்கா வெள்ளையம்மா. அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அக்கா கொழுந்து பறிக்கப் போனாள், தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். ஒரு மழை நாளில் முதுகுச் சாக்கோடு மலையில் சறுக்கி விழுந்தாள். கணுக்கால் ஒடிந்தது. கொழுந்து லொறியில் கொழுந்தோடு கொழுந்தாக ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு ஒட்டியது, கோணலாக ஒட்டியது. அதற்குப் பிறகு அவளால் மலை ஏற முடியவில்லை. நஷ்டஈடு என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் அவளிடம் உச்சரிக்கவில்லை. ஃபாக்டரியில் உட்கார்ந்து குச்சி பொறுக்கும் வேலைக்கு மாற்றியதே பெரிய தயவு என்று தோட்டத்து மேனேஜரான தொரையின் ஆள் சொன்னார். அவளும் அப்படியே நம்பினாள்.

குச்சி பொறுக்குவது என்றால் இதுதான்: காய்ந்து கறுத்த தேயிலையில் சிவந்த தண்டுத் துண்டுகள் கலந்திருக்கும். அவை இருந்தால் ஏலத்தில் விலை இறங்கும். பெண்கள் நீள மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கறுப்பிலிருந்து சிவப்பைப் பிரிப்பார்கள். தூசி தொண்டையை அறுக்கும். ஆனாலும் அந்த அறையில் சத்தம் ஓயாது. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மருமகள் யாரோடு முறைத்துக்கொண்டாள், புதிதாக வந்த கங்காணியின் மீசை யாரைப் பயமுறுத்தியது, எல்லாம் அந்த மேசையில்தான் பிரித்து எடுக்கப்படும். கால் கோணலான பிறகு வெள்ளையம்மா சிரித்த இடம் அது ஒன்றுதான். அந்த மேசைச் சம்பளத்தில்தான் அஜந்தன் இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினான்.

பிறகு கலர் சோட்டர் வந்தது. அலுமாரியைவிட உயரமான இயந்திரம். மேலே தேயிலையைக் கொட்டினால் கறுப்பு நீர்வீழ்ச்சிபோல் இறங்கும். கமரா பார்க்கும். சிவப்புத் துண்டு தெரிந்த நொடியில் அழுத்தக் காற்று அதைத் தட்டி வேறு பக்கம் தள்ளிவிடும். பக்கத்தில் ஒரு கணினி. எது கறுப்பு எது சிவப்பு என்று தீர்மானிப்பது அதற்குள் இருக்கும் புரோகிராம். கொழும்பிலிருந்து அதைப் பொருத்திப் பூட்ட வந்தவர்களுக்குச் சிங்களம் தெரிந்த, வயர் தெரிந்த ஒரு கை தேவைப்பட்டது. அஜந்தன் உற்சாகமாக நின்று உதவினான். இயந்திரம் ஓடத் தொடங்கிய வாரம் நீள மேசையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார்கள். பெண்களை மலைக்குப் போகச் சொன்னார்கள். போக முடிந்தவர்கள் போனார்கள். வெள்ளையம்மா லயத்து ஒற்றை அறையான காம்பராவில் உட்கார்ந்துவிட்டாள்.

அதை அவன் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. தான் சம்பாதிக்கிறோம், அக்கா சும்மா இருந்து சாப்பிடட்டும் என்று நினைத்தான். அந்த மேசையில் அவளுக்குக் கிடைத்தது சம்பளம் மட்டுமில்லை என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. ஆண்களின் புத்திக்கு அது எட்டுவதற்கு எப்போதும் நேரம் எடுக்கும்.

வருடங்கள் ஓடின. கணினி நிற்காமல் ஓடியது. ஒரு புரட்டாசியில் அதற்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பெல்மதுளை சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் அக்ரம், அஜந்தனோடு பயிற்சி நிலையத்தில் படித்தவன். அஜந்தன் சத்தத்தை ஃபோனில் பதிந்துகொண்டுபோய் அவனிடம் போட்டுக் காட்டினான்.

"ஹார்ட் டிஸ்க் மச்சான்," என்றான் அக்ரம். "உள்ளுக்குத் தட்டு சுத்துது. அச்சு தேஞ்சு ஈக்கி. இப்ப சூட்டுல ஓடுது. நிப்பாட்டிராத. ஆறிச்சோ, பொறகு அது எழும்பாது. முதல்ல கொப்பி ஒண்டு எடு."

உள்ளே இருப்பதை நகலெடுக்கப் புது டிஸ்க் வேண்டும். டீமேக்கர் துஷ்யந்தனிடம் சொன்னான். ஃபாக்டரியை நடத்துகிற அதிகாரி அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த மலையில் பல வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்.

"நான் மேலிடத்துக்கு அறிவிச்சிட்டன். அவை அனுப்பினால்தானே? இப்ப ஓடுதுதானே, ஓடட்டும்," என்றார்.

மேலிடம் அனுப்பவில்லை. ஆயுத பூஜை வந்தது.

பூஜையன்று மாலை, எல்லா இயந்திரமும் நின்றபின் சோட்டர் அறையில் அந்தக் கணினியின் விசிறி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கோயில் கமிட்டி ஆட்கள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

"இது என்னா தம்பி, இன்னும் ஓடுது?"

"இத நிப்பாட்ட வேணாங்க. நிப்பாட்டுனா திரும்ப வராது."

"எது வராது? சாமி கும்புட்டு நிப்பாட்டுனா வராமப் போயிருமா? வருசம் பூரா ஓடுது. ஒரு நாளைக்கு ரெஸ்ட் குடுப்பா. நமக்குத்தான் ரெஸ்ட் இல்ல, அதுக்காவது கெடைக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அஜந்தன் டீமேக்கரைப் பார்த்தான். அவர் மெல்லிய குரலில், "சனத்தோட ஏன் கொழுவுவான்? நிப்பாட்டும்," என்றார். அவன் நிறுத்தினான். திரையின் நெற்றியில் மூன்று கோடு திருநீறு பூசினார்கள். தேய்ந்த அச்சு மெல்ல மெல்ல ஆறியது.

ஒரு இயந்திரத்துக்கு அலுப்பு வரும் என்று இரங்குகிற அந்த மனிதர்களின் மனசு கெட்ட மனசில்லை. ஆனால் அந்த இயந்திரத்தால் வேலை இழந்த பெண்களுக்காக அவர்களில் ஒருவராவது டீமேக்கர் முன்னால் அப்படிச் சேர்ந்து வந்து நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சந்தனக் கிண்ணம் இல்லாமல் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

மறுநாள் காலை தேங்காய் உடைந்தது. ரோலர் எழும்பியது, ட்ரையர் எழும்பியது. கணினிக்குள் 'டிக்... டிக்... டிக்' என்று ஏதோ தட்டியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஏலத்துக்குப் போகவேண்டிய தேயிலை குவிந்து கிடந்தது. துஷ்யந்தன் தலையைச் சொறிந்தார், ஃபோன் பண்ணினார், கடைசியில் சுவரோரம் சாத்தியிருந்த நீள மேசையைக் காட்டினார்.

"பழைய ஆக்களைக் கூப்பிடுங்கோ. இது சரிவரும் மட்டும் அவை பொறுக்கட்டும்."

அன்று பத்து மணிக்கெல்லாம் பெண்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள். வெள்ளையம்மா லயத்திலிருந்து ஃபாக்டரிக்கு இறங்கும் படிகளில் எதையும் பிடிக்காமல் இறங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் அங்கம்மா வாசலிலேயே சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா வெள்ளையம்மா? மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. நம்ம வயித்துல அடிச்ச பெட்டிய ஒரே அடி!"

"வாய மூடுடி, என் தம்பி காதுல விழப்போகுது. அது அவன் பெட்டி."

"ஒந்தம்பிக்கு வேற பெட்டி கெடைக்கும். நமக்கு வேற மேசை கெடைக்குமா?"

கண்ணைத் திறந்தது மாரியாத்தா இல்லை, தேய்ந்த அச்சு என்று அஜந்தனுக்குத் தெரியும். அதைச் சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டான். அந்தத் தீபாவளிக்கு வெள்ளையம்மா தன் கைக்காசில் தம்பிக்குச் சட்டை எடுத்தாள். தம்பி மனைவி ஷாமிளாவுக்குச் சேலை. இரவு சாப்பிடும்போது மேசையில் நடந்த கதைகளை நடித்துக் காட்டினாள். கங்காணி மீசையை முறுக்குவதுபோல் அவள் பொய் மீசை முறுக்கியபோது ஷாமிளாவுக்குப் புரையேறியது.

அன்று படுக்கும்போது ஷாமிளா சொன்னாள்: "ஏங்க, ஒங்க அக்கா இப்படிச் சிரிச்சு நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பாக்கலைங்க."

"ம்," என்றான். அவன் மனம் வேறு இடத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து கணினி வந்திருந்தது.

மேலிடம் அனுப்பியது ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி. கழித்துவிட்டது என்றாலும் பழையதைவிடப் பல வருடம் புதியது. அதன் டிஸ்க்கில் சுற்றும் தட்டு எதுவும் இல்லை. சூயிங்கம் துண்டுபோல் ஒரு பச்சைத் தகடு, பலகையில் செருகியிருந்தது. எஸ்எஸ்டி. அதில் இருந்தது புது விண்டோஸ். சோட்டரின் புரோகிராம் சிடி இயந்திரத்தின் கதவுக்குள் பொலித்தீன் பையில் பத்திரமாக இருந்தது. போட்டுப் பார்த்தான். புரோகிராம் திறந்தது, கமரா வரவில்லை. கமராவுக்கும் கணினிக்கும் இடையில் உள்ள பெட்டி விண்டோஸ் ஏழோடு மட்டும்தான் பேசும். இயந்திரம் செய்தவர்களின் கொழும்பு ஏஜெண்டைக் கேட்டால், அந்த மொடலை நாங்கள் கைவிட்டு நாளாகிறது, புது மெஷின் வாங்குங்கள் என்றார். புது மெஷினின் விலையைக் கேட்டதும் மேலிடம் ஃபோனை வைத்துவிட்டது.

ஆக, புதுத் தகட்டில் பழைய விண்டோஸை ஏற்றவேண்டும். மேலிடத்து எஞ்சினியர் ஃபோனில் அஜந்தனைக் கூப்பிட்டார். யாரோ சொல்லி அவன் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

"புளுவன்த மல்லி?"

முடியுமா தம்பி என்று சிங்களத்தில் கேட்டார். அஜந்தன் பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவன் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் எந்த மேலதிகாரியும் யாரிடமும் முடியுமா என்று கேட்டதில்லை. அவன் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"புளுவன் சேர்," என்றான்.

முடியுமா என்று கேட்டார்கள். செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் அவன் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில்தான்.

முதல் முயற்சியில் விண்டோஸ் ஏழின் வரவேற்புத் திரை வந்தது. மொழியைத் தெரிவு செய்யச் சொன்னது. கீபோர்டைத் தட்டினால் அசையவில்லை. மவுஸின் வெளிச்சமும் அணைந்துவிட்டது. புதுக் கணினியின் யுஎஸ்பி வாய்களைப் பழைய விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை. அக்ரம் கடையின் மூலையில் கிடந்த உருண்டை முனைக் கீபோர்ட் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தான். கணினியின் பின்னால் அதற்கு ஓர் உருண்டை வாய் இருந்தது. அது வேலை செய்தது. அடுத்த திரையில், எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்டது. பட்டியல் வெறுமையாக இருந்தது. செருகியிருக்கிற தகடு பழைய விண்டோஸின் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் சுத்துற தட்டு," என்றான் அக்ரம். "இந்த மாதிரி ஒண்டு பொறக்கும் எண்டு அந்த நாளையில அதுக்கு ஆரு சொன்ன? ட்ரைவரை இன்ஸ்டலேசனுக்கு உள்ளுக்கே வெச்சுக் கட்டோணும்."

கட்டினார்கள். பெல்மதுளைக் கடையில், ஞாயிற்றுக்கிழமைகளில், ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு, பென்டிரைவில் பழைய விண்டோஸைப் பிரித்து, புதுத் தகட்டின் ட்ரைவரையும் யுஎஸ்பி ட்ரைவரையும் உள்ளே நுழைத்து, திரும்ப மூடினார்கள். ஒருமுறை பிழை காட்டி நின்றது. இன்னொருமுறை ஏறியது, ஏறியபின் விண்டோஸின் நான்கு நிறக் கொடி ஆடும் இடத்தில் அப்படியே உறைந்து நின்றது. அஜந்தனுக்குப் பஸ்ஸில் போகும்போதும் அந்தக் கொடிதான் கண்ணுக்குள் ஆடியது. அது அவனைக் கேலி செய்வதுபோல் இருந்தது. அதை ஜெயிக்கவேண்டும். வேறு எதுவும் அவனுக்கு அந்த வாரங்களில் தெரியவில்லை.

ஃபாக்டரிக்குள் அவன் கணினியைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் மேசையிலிருந்து குரல் வரும்.

"என்னா தம்பி, ஒங்க பெட்டி இன்னும் கோமாவுலதானா?"

"ஊசி போட்டிருக்கேன் அங்கம்மாக்கா. எந்திரிச்சிரும்."

"எந்திரிக்காட்டியும் பரவாயில்ல, நல்லபடியா எடுத்துருவோம். கருமாதிச் செலவு எங்களது."

மேசை குலுங்கும். அஜந்தனும் சிரிப்பான். அந்தப் பெண்களின் சிரிப்புக்குள் ஒரு கெஞ்சல் இருந்தது. அவன் காதில் கேலி மட்டும்தான் விழுந்தது.

அவன் வந்து சொன்ன கதையிலிருந்தே அக்ரமுக்கு அந்தக் கெஞ்சல் விழுந்திருக்கிறது. ஒரு ஞாயிறு டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "மச்சான், ஒண்டு கேக்கவா? இது சரிவராது எண்டு சொல்லிட்டா ஆருக்குத் தெரியும்? கொழும்பு ஏஜெண்டே கைய விரிச்சிட்டான். நீ ஏலாது எண்டா ஒன்ன ஆரு குத்தம் சொல்ற?"

அஜந்தன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு சொன்னான்: "டீமேக்கர் சொல்றாரு, மெஷின் ஓடாட்டி ஃபாக்டரியவே மூடிருவாங்களாம்."

துஷ்யந்தன் அப்படிச் சொன்னது உண்மை. "கையால பொறுக்கித் தேயிலை விக்கேலாது அஜந்தன். இப்பிடியே போனால் மூடிப்போடுவினம். பிறகு உங்கட சனம் எங்க போறது? இதை நீர் சரிக்கட்டினால், உம்மை ஸ்டாஃபாப் போடச் சொல்லி நான் எழுதுவன்." அவர் பொய் சொல்கிறவர் இல்லை, மேலே இருந்து அவருக்குச் சொன்னதைத்தான் கீழே சொன்னார். ஆனால் மூடிவிடுவோம் என்ற அந்தப் பயமுறுத்தலைக் காட்டாமல் இந்த மலைகளில் ஒரு கூலி உயர்வாவது, ஒரு லயத்துக் கூரையாவது மறுக்கப்பட்டதுண்டா? மூடியிருப்பார்களா, மாட்டார்களா என்பது அஜந்தனுக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அது அவனுக்கு வசதியான பதிலாக இருந்தது. அக்ரம் கோப்பையைக் கழுவ எழுந்து போனான்.

பொங்கலுக்கு முந்திய வாரம் கொடி ஆடி முடிந்தது. பிழை சின்னது, கணினி விழிக்கும் முறையில் பழையதற்கு இடம்கொடுக்கும் ஓர் அமைப்பை மாற்றவேண்டியிருந்தது, அவ்வளவுதான். விண்டோஸின் நீல முகப்புத் திரை வந்தது. மவுஸ் அசைந்தது. சோட்டர் அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, புரோகிராமை ஏற்றி, கமராப் பெட்டியின் வயரைச் செருகினான். கமரா கண் விழித்தது. கம்ப்ரசரைப் போட்டு, மேலே ஒரு பெட்டித் தேயிலையைக் கொட்டச் சொன்னான்.

கறுப்பு அருவி இறங்கியது. காற்று வால்வுகள் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் படபடவென்று அடித்தன. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. அஜந்தன் கத்தியேவிட்டான். துஷ்யந்தன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அறையிலிருந்து வெளியே ஓடி வந்தபோது அவன் முகமெல்லாம் பல். யாருக்குச் சொல்ல ஓடினான்? சின்னதிலிருந்து எதில் ஜெயித்தாலும் யாரிடம் ஓடுவானோ அவளிடம்தான்.

மேசையில் சத்தம் நின்றிருந்தது.

சுவர் ஒன்றுதான் நடுவில். அந்தப் படபடப்பு அவர்களுக்கு முன்பே தெரிந்த சத்தம். பெண்களின் கைகள் தேயிலைமேல் அப்படியே இருந்தன. அங்கம்மா அவனைப் பார்க்கவில்லை. மூக்குத் துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மா மட்டும் தலையைத் தூக்கினாள்.

"ஓடுதா தம்பி?"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஓடுதுக்கா."

"நல்லதுடா," என்றாள். கோணல் காலை மேசைக்கடியில் சரிசெய்துகொண்டு, தன் முன்னால் இருந்த குவியலில் பாதியில் விட்ட இடத்திலிருந்து பொறுக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் எழுந்தபின்னும் அவள் அந்தக் குவியலை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அடுத்த நாள் வரவேண்டாம் என்று சொன்னார்கள். மேசையைக் கழற்றும்போது அதன் போல்ட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. கழற்ற அஜந்தனைத்தான் கூப்பிட்டார்கள்.

அவனை ஏமாற்றியிருந்தால் அவன் மனசு ஆறியிருக்கும். ஏமாற்றவில்லை. துஷ்யந்தன் சொன்னபடி எழுதினார். அந்த வருடம் நடுவில் அஜந்தனை மாதச் சம்பள ஸ்டாஃப் ஆக்கினார்கள். நீல நிறச் சட்டை கொடுத்தார்கள். பதவியோடு வீடு வரவில்லை. லயத்துக் காம்பராவில் அந்தச் சட்டையைக் கொடியில் காயப்போட்டபோது அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுப் பார்த்தார்கள். வெள்ளையம்மா எல்லோருக்கும் சொன்னாள்: "கொழும்புக்காரனே ஏலாதுன்னு விட்டத என் தம்பி செஞ்சான்." சொல்லும்போது அவள் குரலில் ஒரு துளி கசப்பு இல்லை. இருந்திருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான்.

அங்கம்மா அப்படியில்லை. குழாயடியில் அவனைக் கண்டால் குடத்தை ஓங்கி வைப்பாள். ஒருநாள் சொல்லியேவிட்டாள்: "சாமி குடுத்திச்சு. தம்பி புடுங்கிக்கிட்டாரு."

சாமிதான் கொடுத்தது, சாமிதான் எடுத்தது என்று அவன் நம்புகிறவனாக இருந்தால் பாரத்தைச் சாமி தலையில் போட்டுவிட்டுத் தூங்கலாம். கொடுத்தது தேய்ந்த அச்சு என்று தெரிந்தவனுக்கு, எடுத்தது யார் கை என்பதும் தெரியும். அந்தக் கைக்குப் பின்னால் பெரிய கைகள் இருக்கின்றன. இயந்திரம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் கூலியில் ஒரு பங்கை அந்தப் பெண்களுக்கு உட்கார்ந்த வேலையாகத் திருப்பிக் கொடுக்க அவற்றால் முடியும். அதைச் செய்யச் சொல்லி ஒருவன் கேட்டிருக்கலாம். கணினி எழும்பாமல் கிடந்த அந்த வாரங்களில், கொழும்பு எஞ்சினியர் ஃபோனில் முடியுமா என்று கேட்ட அந்த ஒரு நிமிடத்தில், 'முடியும் சேர், ஆனால் இந்தப் பெண்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கலாம். அவன் தேவைப்பட்டது அவர்களுக்கு அந்த ஒரு நிமிடம்தான். கேட்டுக் கிடைத்திருக்குமா என்பது வேறு. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை என்பதுதான் அவனைத் தின்றது.

வெள்ளையம்மா ஆனி மாதம் எஹலியகொடவில் ஒரு கடைக்காரர் வீட்டு வேலைக்குப் போனாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவருக்குத் துணை. அஜந்தன் வேண்டாம் என்றான். "சும்மா ஒக்காந்தா கால் இன்னும் கோணிக்கிரும்டா," என்று சிரித்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. அவளும் லீவில் வந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு ஆட்கள் வந்தார்கள். சென்ற வருடம் கணினி நின்றது பூஜையால்தான் என்று எவரும் நினைக்கவில்லை. போன தடவை படையலில் ஏதோ குறை என்று பேசிக்கொண்டு இம்முறை இன்னொரு பானை பொங்கல் கூடுதலாக வைத்தார்கள். அஜந்தன் கணினியை நிறுத்தினான்.

மறுநாள் விடிந்ததும் அவன் எல்லோருக்கும் முந்தி ஃபாக்டரிக்கு இறங்கினான். வாசல் கேட்டுக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். அங்கம்மா இருந்தாள். இன்னும் சிலர். வெளுத்த சேலை, தலையில் துண்டு, இடுப்பில் மூக்குக்குக் கட்டும் துணி. அவர்களுக்குப் பின்னால், எஹலியகொட பஸ்ஸுக்குப் போகவேண்டிய பையைக் கையில் பிடித்தபடி, அக்கா.

"என்னாக்கா இங்க?"

"சும்மாதாண்டா. தேங்கா ஒடைக்கிறதப் பாத்துட்டுப் போலாம்னு."

அங்கம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "போன வருசம் மறுநாள்தானே கூப்புட்டாக?"

தேங்காய் உடைந்தது. ரோலரை எழுப்பினான், ட்ரையரை எழுப்பினான். சோட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். திரையின் நெற்றியில் நேற்றுப் பூசிய திருநீறு காய்ந்திருந்தது. விரல் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எழும்பாதே என்று அவன் அதனிடம் சொன்னான். சாமி கும்பிடாதவன் ஒரு கணினியைக் கும்பிட்டான்.

சுற்றும் தட்டு இல்லை, தேயும் அச்சு இல்லை. விரலை எடுக்கும் முன்பே திரை வெளுத்தது. கொடி ஆடியது. கமரா விழித்தது. யாரோ மேலிருந்து தேயிலையைக் கொட்டினார்கள். காற்று படபடவென்று அடித்தது. அந்தச் சத்தம் வாசல் கேட்வரைக்கும் போகும்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தான். அங்கம்மா தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் கலைந்தார்கள். அக்கா மட்டும் பையோடு திரும்பிப் பார்த்தாள். ஓடுதா என்று தலையாட்டிக் கேட்டாள். ஓடுகிறது என்று தலையாட்டினான். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, பஸ் வரும் திருப்பத்தை நோக்கி விந்தி விந்திப் போனாள்.

அவனும் கையைத் தூக்கிக் காட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை.